வீடு விடுதியாகும்போது

விடுமுறைக்குத் திட்டம் போடும் நம் வீடுகளில் முதலில் வருவது எந்த ஊர் என்ற பேச்சு. அடுத்தது, நான்கு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம் என்ற கணக்கு. எங்கே தங்குவது என்பது கடைசியில்தான் வரும். ‘ராத்திரி தலையைச் சாய்க்கத்தானே, எங்கேயாவது ஒரு ரூம் போதாதா’ என்று யாராவது சொல்வார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். கையில் கொஞ்சம் காசு புரளும் குடும்பமென்றால் நீச்சல் குளம் இருக்கிறதா, காலை உணவு வாடகையில் சேர்த்தியா என்று விசாரிப்பார்கள். தங்கும் வீட்டுக்காகவே ஒரு ஊருக்குப் போவது என்பது நமக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் உலகின் பல பகுதிகளில் கடந்த நூறு ஆண்டுகளாக அரண்மனைகளும் கோட்டைகளும் மடங்களும் வணிகர்களின் மாளிகைகளும் விடுதிகளாக மாறிவருகின்றன. தமிழ்நாட்டில் செட்டிநாடும் புதுச்சேரியும் தரங்கம்பாடியும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. இவற்றில் எது உண்மையிலேயே நல்ல தங்குமிடம், எது வெறும் ஒப்பனை, அங்கே போகிறவர் எப்படித் தங்கினால் கொடுத்த பணத்துக்கும் எடுத்த விடுப்புக்கும் பலன் இருக்கும் என்பதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தங்குமிடத்தின் அழகு அதன் தூணிலும் தொங்குவிளக்கிலும் இல்லை. அது எந்த மண்ணுக்காகக் கட்டப்பட்டதோ அந்த மண்ணில், அந்த ஊர் மனிதர்களுக்குப் பிழைப்பு தந்துகொண்டு நிற்பதில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் அவசரமில்லாமல் இரண்டு மூன்று நாள் இருப்பதே ஓய்வு.

பழைய கட்டடங்களை விடுதியாக்குவதை ஓர் அரசே முன்னின்று செய்த நாடு ஸ்பெயின். மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவின் காலத்தில், 1928இல், கிரேதோஸ் மலைப்பகுதியில் முதல் ‘பரதோர்’ விடுதி திறக்கப்பட்டது. அது புதிதாகக் கட்டிய கட்டடம்தான். அதன்பின் பாழடைந்து கிடந்த கோட்டைகளையும் துறவியர் மடங்களையும் அரசு ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு விடுதியாக்கியது. இன்று தொண்ணூறுக்கும் மேற்பட்ட பரதோர்கள் அரசு நிறுவனத்தின் கையில் இயங்குகின்றன. சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் இருப்பது, நடந்துவரும் யாத்ரீகர்களுக்காக ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரச தம்பதியர் கட்டிய மருத்துவமனை. வழிப்போக்கர்களைத் தாங்குவதற்கென்றே எழுந்த கட்டடம், 1954 முதல் விடுதியாக அதே வேலையைச் செய்கிறது. காசியிலும் ராமேசுவரத்திலும் சத்திரம் கட்டிவைத்த நகரத்தார் மரபை அறிந்த நமக்கு இந்தத் தொடர்ச்சி அந்நியமாகத் தோன்றாது. போர்ச்சுகல் 1942இல் எல்வாஸ் ஊரில் தொடங்கித் தன் ‘பொசாதா’ விடுதிகளை இதே வழியில் நிறுவியது.

இந்தியாவில் கதை வேறு மாதிரி நடந்தது. இங்கே தொடங்கிவைத்தது அரசின் திட்டம் அல்ல, அரசர்களின் பணத்தட்டுப்பாடு. சமஸ்தானங்கள் இணைந்த பிறகு அரண்மனையைப் பராமரிக்கும் செலவு மட்டும் குறையவில்லை. ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான் சிங் 1957இல் தன் ராம்பாக் அரண்மனையை விடுதியாக்கினார். உதய்ப்பூரில் பிச்சோலா ஏரியின் நடுவே, பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஜகத் சிங் கட்டிய கோடை மாளிகை 1960களில் விடுதியானது. 1971இல் தாஜ் குழுமத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. அதே 1971இல்தான் மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தமும் வந்தது. அதன்பின் ராஜஸ்தானத்தில் சிற்றரசர்களும் ஜமீன்தார்களும் தங்கள் மாளிகைகளின் கதவை விருந்தினர்களுக்குத் திறந்தது ஆடம்பரத்துக்காக அல்ல, கூரை ஒழுகாமல் காப்பாற்ற வேறு வழியில்லாமல் போனதால்தான்.

இந்த அரண்மனை விடுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவை அழகானவை, அவற்றின் ஓரிரவு வாடகை நம்மில் பெரும்பாலோரின் மாதச் சம்பளத்துக்குச் சமம். ராஜஸ்தானத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நீம்ரானா கோட்டையிடம். பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை அது. இடிந்து, வௌவால் அடைந்து கிடந்ததை அமன் நாத், பிரான்சிஸ் வாச்சியார்க் என்ற இருவர் 1986இல் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழுது பார்த்து 1991இல் சில அறைகளோடு திறந்தார்கள். வந்த வருமானத்தில் அடுத்த தளத்தைச் செப்பனிட்டார்கள். முழுதும் முடித்த பிறகுதான் திறப்போம் என்று காத்திருந்தால் அந்தக் கோட்டை இன்று இருந்திருக்காது. பெரிய முதலீடு இல்லாதவர்களும் ஒரு பாழ்க்கட்டடத்தை மீட்கலாம் என்பதை அந்த முயற்சி காட்டியது. அவர்களின் நீம்ரானா குழுமம்தான் பின்னாளில் தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பங்களாவையும் மீட்டெடுத்தது. 1620இல் டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட ஊர், 2004இல் ஆழிப்பேரலையில் அடிபட்ட ஊர் அது. அந்த பங்களாவின் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ போகத் தோன்றாது. எதிரே கடல், பக்கத்தில் டேன்ஸ்பர்க் கோட்டை, நடந்தால் சீகன்பால்குவின் தேவாலயம். ஒன்றரை நாளுக்கு அதுவே போதும்.

செட்டிநாட்டுக்கு வருவோம். அங்கேதான் எது நல்ல தங்குமிடம் என்ற கேள்வியின் எல்லா முடிச்சுகளும் ஒரே இடத்தில் கிடக்கின்றன.

காரைக்குடியைச் சுற்றி எழுபத்துச் சொச்சம் ஊர்கள். பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை சம்பாதித்ததை இந்த வீடுகளில் கொட்டினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு என்று வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் ஒப்பிக்கும் பட்டியலை எல்லோரும் கேட்டிருப்போம். அந்தப் பட்டியலைவிட முக்கியமானது வீட்டின் அமைப்பு. தெருவில் முகப்பு, ஏறினால் திண்ணை, பெரிய நிலைக்கதவு, உள்ளே வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரம், மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அப்புறம் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி, பின்வாசலைத் திறந்தால் அடுத்த தெரு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. வாசலில் நின்றால் பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் பார்வை போகும். அந்தக் கோட்டின் வழியே காற்றும் போகும்.

சித்திரை வெயிலில் நண்பகலில் அப்படியொரு வளவின் தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். காலுக்கடியில் ஆத்தங்குடிக் கல் குளிர்ந்து கிடக்கும். சுவரில் கை வைத்தால் வழவழவென்று பளிங்கைத் தொட்டதுபோல் இருக்கும்; சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, மெருகேற்றிய பூச்சு அது. மேலே பல அடுக்காக ஓடு வேய்ந்த கூரை சூட்டைக் கீழே இறங்க விடாது. மின்விசிறி வருவதற்கு முன்னால் கட்டிய வீடு என்பதால் அந்த வேலையை வீடே செய்துகொண்டது. ஐப்பசி மழையில் போனால் இன்னொன்று தெரியும். நான்கு பக்கக் கூரையின் நீரும் வளவுக்குள் விழும், மூலையில் அண்டா நிறையும், மிச்சம் வடிகால் வழியே தெருவுக்குப் போய் ஊரணியில் சேரும். மழை குறைந்த சீமையில் ஒரு சொட்டையும் வீணாக்காத ஏற்பாடு. அந்த மழையைத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தவர்களுக்கு, தங்குமிடத்தைப் பயணத்தின் பொருளாகச் சொல்வது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு வருமானம் அறுந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீடு மட்டும் பங்காளிகள் பெயரில் நின்றது. மூன்று தலைமுறை தாண்டும்போது ஒரே வீட்டுக்கு ஐம்பது அறுபது பங்குதாரர்கள் இருப்பது அங்கே சாதாரணம். ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால்கூட எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லோரும் பணம் போட வேண்டும். ஒத்துவராத இடங்களில் வீட்டை இறக்கிப் பொருளாக விற்றார்கள். தூண் தனி, நிலை தனி, உத்திரம் தனி. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குச்சட்டி முதல் முழு வாசல்நிலை வரை குவிந்துகிடப்பதன் பின்கதை இதுதான்.

இந்தப் பின்னணியில்தான் விடுதிகள் வந்தன. காரைக்குடியில் 1990களின் இறுதியில் மீனாட்சி மெய்யப்பன் தொடங்கிய ‘தி பங்களா’ முன்னோடி. தங்குகிறவர்களைவிடச் சாப்பிட வருகிறவர்கள் அதிகம் என்று சொல்லும் அளவுக்கு அதன் இலைச்சாப்பாடு பெயர்பெற்றது. கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’ வீட்டைக் கேரளத்தின் சிஜிஎச் எர்த் குழுமம் எடுத்து நடத்துகிறது. கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’ இருக்கிறது. கொத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’ வீட்டை மிஷேல் அத்மோன், பெர்னார் திராகோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் செப்பனிட்டார்கள். அவர்கள் வீட்டோடு நிற்காமல் செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பை ஆவணப்படுத்தி, 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெறுவதற்கும் உழைத்தவர்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் நம் வீட்டின் அருமையை நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர்களுக்கு நன்றியும் உண்டு.

இந்த வீடுகள் நின்றால் என்னென்ன நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ள ஆத்தங்குடிக்குப் போய் ஒரு பட்டறையில் அரைமணி நேரம் நின்றால் போதும். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டைப் பரப்புகிறார் தொழிலாளி. அதன்மேல் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் சிமென்டில் கலந்த வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒன்று இன்னொன்றில் கலந்துவிடாமல் அச்சை நேராக மேலே தூக்குகிறார். அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் கல் போச்சு. மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக்கலவை வைத்து மட்டம் தட்டுகிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறும். எடுத்து உலர்த்தும்போது கண்ணாடி தானே விட்டுக்கொடுக்கும். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. இந்தக் கல்லுக்கு இன்றைக்கும் கிராக்கி இருப்பதில் அந்த விடுதிகளுக்கும், அங்கே தங்கிவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுக்கும் இதே கல் வேண்டும் என்று கேட்கும் விருந்தினர்களுக்கும் பங்கு உண்டு. கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள், ஓலைக் கொட்டான் முடைகிறவர்கள், கந்தரப்பமும் மனகோலமும் செய்யும் சமையல்காரர்கள் என்று இந்தச் சங்கிலி நீளும்.

இதே செட்டிநாட்டுத் தூண்கள் வேறெங்கோ நிற்பதையும் பார்க்கிறோம். பெருநகரத்து ஓட்டல் வரவேற்பறையில், கடற்கரைச் சொகுசு விடுதியில், திருமண மண்டபத்தில். அந்தத் தூணைத் தடவி ரசிக்கும் ஒவ்வொரு முறையும், அது நின்ற இடத்தில் ஒரு வீடு இல்லாமல் போய்விட்டது என்பதை நினைக்க வேண்டும். ஒரு பழைய வீடு அழிந்து இன்னொரு கட்டடத்துக்கு அலங்காரமாவதைப் பாரம்பரியம் காப்பதாக விளம்பரப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. விதிவிலக்குகள் உண்டு. குமரகத்தின் ‘கோகனட் லகூன்’ விடுதியில் பழைய தறவாட்டு வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பப் பூட்டினார்கள். ஆணியில்லாமல் மரத்தை மரத்தில் பொருத்தும் தச்சுமுறை என்பதால் அப்படிச் செய்ய முடிந்தது. பாகப்பிரிவினையில் விறகாகப் போகவிருந்தவை வீடாகவே நிற்கின்றன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் செட்டிநாட்டு வீடு உள்படப் பல வீடுகளை முழுதாகப் பெயர்த்து வைத்திருக்கிறது. தூணை மட்டும் எடுப்பதற்கும் வீட்டை முழுதாக எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பயணிகள் கேட்டுத் தெரிந்துகொண்டால், கடைக்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் அது போய்ச் சேரும்.

பழையதாக இருந்தால்தான் அழகு என்று வாதிடுவதாக நினைத்துவிட வேண்டாம். இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) கட்டியவை எல்லாம் புதிய கட்டடங்கள். தம்புள்ளைக்கு அருகே அவர் கட்டி 1994இல் திறந்த கண்டலம விடுதி ஒரு மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. முதலில் சிகிரியாவின் அடிவாரத்தில் கட்டச் சொன்னார்கள். அவர் அந்த இடத்தை ஒதுக்கி, பழங்காலக் குளம் ஒன்றின் மறுகரையை, தொலைவில் சிகிரியாவைப் பார்க்கும்படியாகத் தேர்ந்தெடுத்தார். பிக்குகளும் சூழலியலாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் கொடிகள் மூடிய கட்டடம் மலையோடு மலையாகக் கிடக்கிறது. பாறை உள்ளே வந்து நடைபாதையின் சுவராகிவிடுகிறது. மதுரையில் ஓர் ஆலையின் அலுவலர்களுக்காக 1970களில் அவர் கட்டிய மதுரா கிளப்பிலும், பழைய கட்டடங்களிலிருந்து கிடைத்த தூண்களையும் உள்ளூர்க் கொத்தனார்களின் கைவேலையையும் பயன்படுத்தினார். மண்ணையும் மழையையும் புரிந்துகொண்டவர் கட்டினால் நேற்றுக் கட்டியதும் அந்த ஊரின் கட்டடமாகிவிடும்.

ஊருக்குப் பிழைப்பு தருவது என்று சொன்னேன். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தெற்கு இத்தாலியில் மத்தேரா என்றொரு ஊர். பாறையைக் குடைந்த குகை வீடுகளில் வறுமையில் வாழ்ந்த மக்களை 1952இல் ஒரு சட்டம் போட்டு வெளியேற்றினார்கள். 1993இல் அந்தக் குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2019இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர் பட்டம். இன்று அந்தக் குகைகளில் பல, ஏழைகள் எட்டிப்பார்க்க முடியாத வாடகையில் விடப்படும் அறைகள். பார்சிலோனாவில் வீடுகள் பல சுற்றுலா வாடகைக்குப் போய், உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காத நிலை வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குள் முழுதாக நிறுத்தப்போவதாக 2024இல் அதன் மேயர் அறிவித்தார். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியின் வெள்ளையர் குடியிருப்புத் தெருக்களில் வார இறுதிகளில் நடந்துபார்த்தால், அங்கே இன்னும் எத்தனை வீடுகளில் குடும்பங்கள் இருக்கும் என்ற சந்தேகம் வரும். கால்வாய்க்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில், திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தெருக்கள் நல்லவேளையாக இன்னும் குடியிருப்புகளாகவே இருக்கின்றன. அங்கே பெருமாள் கோயில் தெருவில் ‘மேசோன் பெருமாள்’ போன்ற சில விடுதிகள், கோலம் போட்ட வாசல்களுக்கு நடுவே ஒரு வீடாக நிற்கின்றன. புதுச்சேரி போகிறவர்களுக்கு நான் சொல்வது, கடற்கரைப் பக்கம் உலாவுங்கள், தமிழர் பகுதியில் தங்குங்கள்.

இத்தாலியிலேயே இதற்கு ஒரு மாற்றும் பிறந்தது. 1976இல் ஃப்ரியூலி நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஆளில்லாமல் போன கிராமங்களில் வீடுகளை மீட்க எழுந்த யோசனை அது. ஒரே கட்டடத்தை ஓட்டலாக்காமல், ஊரெங்கும் சிதறிய வீடுகளில் ஒவ்வொரு அறையை விருந்தினருக்குக் கொடுப்பது. வரவேற்பு ஒரு வீட்டில், சாப்பாடு ஊர் உணவகத்தில், காலைக் காப்பி முனைக்கடையில். விருந்தினர் ஊருக்குள் நடந்துதான் ஆக வேண்டும். பணமும் அந்த வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சுற்றுலா வல்லுநர் ஜன்கார்லோ தல்’ஆரா இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். பத்துப் பதினைந்து வீடுகள் பூட்டிக்கிடக்கும் ஒரு செட்டிநாட்டு ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

இனி, தங்கும் விதம். விடுமுறை மனிதரை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் நெதர்லாந்தில் உண்டு. யெரூன் நவெய்ன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பேரைக் கவனித்தார்கள். பயணம் போனவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது பெரும்பாலும் போவதற்கு முன்பு, எதிர்பார்த்திருந்த நாட்களில். திரும்பி வந்த பிறகும் மகிழ்ச்சி கூடியிருந்தது, மிக நிதானமான விடுமுறையைக் கழித்தவர்களுக்கு மட்டும். யெசிகா தெ புளூம் நடத்திய இன்னோர் ஆய்வு நீண்ட விடுமுறைகளைப் பற்றியது. உடலும் மனமும் தேறுவது எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொடுகிறது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பலன் கரைந்துவிடுகிறது என்று அது கண்டது. நமக்கு எட்டு நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம். பொங்கல், ஆயுத பூசை, ஒரு வெள்ளிக்கிழமை என்று நான்கு நாளை ஒட்டுப்போடுகிறோம். அந்த நான்கு நாளில் நான்கு ஊர் பார்க்கக் கிளம்பினால், மூட்டை கட்டுவதிலும் வண்டியிலுமே பாதி கழியும். கிளம்பும் நாளை இரண்டு மாதம் முன்பே முடிவு செய்யுங்கள், எதிர்பார்த்திருக்கும் சந்தோஷம் இலவசமாகக் கிடைக்கும். ஒரே வீட்டில் மூன்று இரவு தங்குங்கள்.

ஒரு வீட்டில் தங்குவதை ஜப்பானியர்கள் கலையாகவே ஆக்கியிருக்கிறார்கள். யமனாஷியில் 705ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் கெய்யுன்கான் என்ற வெந்நீரூற்று விடுதி, உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸ் பதிவு பெற்றது. அங்கே உள்ள ‘ரியோகன்’ வகை விடுதிகளில் பிற்பகல் வந்து சேர்ந்ததும் தேநீர், பிறகு குளியல், குறித்த நேரத்துக்கு இரவு உணவு. நீங்கள் உண்ணும்போது பாயின்மேல் படுக்கை விரித்துவைத்திருப்பார்கள். வீட்டின் ஒழுங்குக்கு விருந்தினர் தன்னை ஒப்புக்கொடுக்கிறார். நம்மூர்ப் பாரம்பரிய வீடுகளிலும் இதுவே நல்ல வழி. இரவு பத்து மணிக்குத் தோசை கிடைக்குமா என்று கேட்பதைவிட, எத்தனை பேர், யார் சைவம், யார் அசைவம் என்று காலையிலேயே சொல்லிவிட்டால், அடுப்படி அதற்கேற்ப ஆக்கிவைக்கும். கவுனி அரிசியும் மண்டியும் வெள்ளைப் பணியாரமும் அங்கே தலையெண்ணி ஆக்கப்படுபவை.

முன்பதிவு செய்யும்போது படத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தொலைபேசியில் பேசுங்கள். அறை கீழ்த்தளமா மாடியா, படி எத்தனை என்று கேளுங்கள். பழைய வீடுகளின் படிகள் செங்குத்து, வாசல்நிலைகள் உயரம், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது முக்கியம். வளவைப் பார்த்த அறைகளுக்கு வெளிச்சன்னல் குறைவு. சிலருக்கு இருட்டாகத் தோன்றும், வெயில் காலத்தில் அந்த இருட்டே சுகம். வளவுக்கு மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படி மூடிய ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன். சூடான காற்று மேலே போக வழியில்லாமல் உள்ளேயே சுழன்றது. நூறு ஆண்டு குளிர்ந்திருந்த வீட்டுக்கு அறைக்கு அறை ஏசி தேவைப்பட்டது. வேலை செய்கிறவர்கள் எந்த ஊர், சமையல் யார் என்பதும் தயங்காமல் கேட்கக்கூடிய கேள்விகளே. நல்ல விடுதிக்காரர் அதற்குப் பெருமையோடு பதில் சொல்வார்.

செலவு கட்டுப்படியாகாது என்பது நியாயமான கவலை. மூன்று இரவும் அரண்மனை போன்ற வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காரைக்குடியில் எளிய லாட்ஜில் இரண்டு இரவும், பாரம்பரிய வீட்டில் ஒரே ஓர் இரவும் எடுக்கலாம். அந்த ஓர் இரவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு வெளியே எங்கும் போகாதீர்கள். தங்காமலே மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்து போகலாம். ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் உண்டு. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேரே காரைக்குடிக்கே வருகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இடம் பாருங்கள்: பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, சித்தன்னவாசல், இசைக் கல்வெட்டுள்ள குடுமியான்மலை, எல்லாம் எட்டும் தூரத்தில்தான். பதினோரு மணியிலிருந்து நான்கு மணிவரை வீட்டில் இருங்கள். பிள்ளைகள் கைப்பேசியைக் கேட்டு அழுவார்கள். திண்ணையில் தாயக்கட்டம் வரைந்து கொடுத்தால் இரண்டாம் நாள் அவர்களே கூப்பிடுவார்கள்.

கார்த்திகை முதல் மாசி வரை எல்லோரும் போகும் காலம். ஐப்பசி மழைக்குப் போகிறவர்கள் குறைவு, வாடகையும் இறங்கியிருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். கோடையிலும் இந்த வீடுகள் கைவிடாது. ஊட்டி, கொடைக்கானல் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது, உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு. மலைமேல் அவ்வளவு வண்டிகள் ஏறும் கோடையில், சமவெளியின் ஒரு தடித்த சுவருக்குள் குளிர்ச்சி காத்திருப்பதைப் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை.

எஞ்சியிருக்கும் ஒன்று, இந்த வீடுகளின் நாளை. இப்போது விடுதியாக நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, பூட்டிக்கிடப்பவை ஆயிரக்கணக்கில். ஒரு பங்காளி ஒத்துக்கொள்ளாவிட்டால் மொத்த வீடும் முடங்கும். விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் குடும்பத்துக்கென்று ஒரு கட்டையும் சில நாட்களையும் ஒதுக்கிவைத்துக்கொள்வது என்ற ஏற்பாடு பங்காளிகளை ஒரே இடத்தில் உட்கார வைக்கக்கூடும். முன்னோருக்குப் படைக்கும் அறையின் சாவி குடும்பத்திடமே இருந்தால், மற்ற அறைகளை விருந்தினருக்குத் திறக்கப் பெரியவர்களும் இசைவார்கள். மாமல்லபுரம், கன்னியாகுமரி, ராமேசுவரம் என்று நல்ல இடங்களிலெல்லாம் ஓட்டல் நடத்திய அனுபவம் நம் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு இருக்கிறது. ஸ்பெயின் கோட்டைகளை எடுத்ததுபோல், அது ஓர் ஊரில் பத்து வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து, ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவரையும் சுண்ணாம்பு அரைக்கிறவரையும் வைத்துப் பழுது பார்த்து, நடுத்தரக் குடும்பங்கள் கொடுக்கக்கூடிய வாடகையில் திறக்கலாம். முட்டை வெள்ளைக்கருப் பூச்சு பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வலுவிருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும்.